"சார் மூட் எப்படி?": படப்பிடிப்பில் நாங்கள் பட்டவை

உதவி இயக்குநர், ஆறு ஆண்டுகள்

நான் வேலை பார்த்த இயக்குநரின் கார் தளத்துக்குள் நுழையும்போது உதவி இயக்குநர்கள் யாரும் காரைப் பார்க்க மாட்டோம். ஓட்டுநர் அண்ணனின் கையைத்தான் பார்ப்போம். இறங்கிக் கதவைத் திறக்கும்போது அவர் ஒரு விரலைக் காட்டினால் பரவாயில்லை, போய்ப் பேசலாம். இரண்டு விரல் என்றால் கேட்டதற்கு மட்டும் பதில். கையை மூடியிருந்தால் அன்றைக்கு எங்களில் யாரோ ஒருவர் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம். ஆறு ஆண்டுகள் எனக்குப் பொழுது அந்தக் கையைப் பார்த்துத்தான் விடிந்தது.

கன்டினியூட்டி என் பொறுப்பு, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு நாள், முந்தைய ஷாட்டில் கதாநாயகன் கட்டியிருந்த கைக்கடிகாரம் அடுத்த ஷாட்டில் இல்லை. மானிட்டரில் அதைப் பார்த்துவிட்டு, யார் கழற்றியது என்று கத்தினார். "நீங்கதான் சார் கழட்டச் சொன்னீங்க" என்றேன். நோட்டைக் கேட்டார், கொடுத்தேன். எந்த ஷாட்டுக்குப் பிறகு, எத்தனை மணிக்குச் சொன்னார் என்று அதில் எழுதியிருந்தது. நின்று படித்தார். படித்து முடித்து, அதே நோட்டை என் முகத்தில் எறிந்தார். நூறு பேருக்கு மேல் இருந்த யூனிட். லைட்மேன்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் குனிந்து நோட்டை எடுத்தேன், கசங்கிய பக்கத்தை நீவிவிட்டேன், "சாரி சார்" என்றேன்.

அவர் எறிந்தது ஆறிவிட்டது. அந்த "சாரி" ஆறவில்லை. அன்று இரவு அறையில் படுத்துக்கொண்டு, அவர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் செய்தேன்.

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். இந்தத் தொழிலில் சான்றிதழ் யாருக்கும் வேண்டாம். "பையன் நல்லா வருவான், நம்பிக் கொடுங்க" என்று அவர் ஒரு தயாரிப்பாளரிடம் சொல்லும் ஒரே ஒரு வாக்கியம், அதுதான் எனக்குச் சம்பளம். "அவன் சரிப்பட மாட்டான்" என்று சொல்லக்கூடியதும் அதே வாய்தான். "அடுத்த வருஷம் உனக்கு ஒரு படம்" என்று ஒவ்வொரு படத்தின் படப்பிடிப்பும் முடியும் பேக்கப் அன்றும் தோளில் கை போட்டுச் சொல்வார். அந்தக் கை தோளில் இருக்கும் பத்து வினாடிக்காக ஒரு வருடம் தாங்கலாம் என்று தோன்றும். இயக்குநரும் உதவியாளர்களும் கதை பேசும் டிஸ்கஷனில் நான் சொன்ன கதையின் இடைவேளைக் காட்சி அவர் படத்தில் அப்படியே வந்தது. டைட்டிலில் எட்டுப் பேரோடு என் பெயரும் வந்தது. என் அம்மா கைதட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை.

ஆறாவது வருடம் புதிதாக ஒரு தம்பி சேர்ந்தான். கிளாப் அடிக்கத் தாமதமானதற்கு இயக்குநர் அவன் கன்னத்தில் அறைந்தார். அவன் "சாரி சார்" என்றான். குரல் வரை என்னைப் போலவே இருந்தது. அன்று மாலை பேக்கப் சொல்வதற்கு முன்பே கிளம்பிவிட்டேன்.

எடிட்டிங் உதவியாளர்

எங்கள் அறையில் கத்தல் குறைவு, ராத்திரி அதிகம். வெளியீட்டுத் தேதி நெருங்கினால் மூன்று நாள் வீட்டுக்குப் போக முடியாது. எடிட்டர் சோபாவில் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து, தூங்காத எங்களைப் பார்த்து "இந்த வெறி இல்லன்னா வேற வேலைக்குப் போங்க" என்பார். ஒரு விடியற்காலை சிக்னலில் நின்ற வண்டியிலேயே நான் தூங்கிப்போனேன். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்ததால் பிழைத்தேன். அடுத்த நாள் அதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொன்னேன், ஏதோ பதக்கம் வாங்கியதைப் போல.

ஹாலிவுட்டில் 1997-இல் ஒரு உதவி கேமராமேன் 19 மணி நேர வேலை முடித்து வீட்டுக்குக் காரோட்டும்போது தூங்கி, விபத்தில் இறந்துபோனார். இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவாளர் ஹாஸ்கல் வெக்ஸ்லர் அதன் பிறகு வேலை நேரத்துக்கு வரம்பு கேட்டுப் போராடினார், தூக்கமின்மை பற்றி 2006-இல் ஒரு ஆவணப்படமே எடுத்தார். ஆனாலும் 2021-இல் அங்கே தொழில்நுட்பப் பணியாளர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியபோது, ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவே பத்து மணி நேர ஓய்வைத்தான் கேட்க வேண்டியிருந்தது. வாக்களித்தவர்களில் 98 சதவீதத்துக்கும் மேலானவர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு. அத்தனை பெரிய இடத்திலேயே தூக்கத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. "வெறி இல்லையா" என்று யாராவது உங்களிடம் கேட்டால் தயவுசெய்து வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

ஆடை வடிவமைப்பு உதவியாளர்

எங்கள் மேடம் ஒரு நாளும் கத்தியதில்லை. "நீ என் பொண்ணு மாதிரி" என்பார். பொண்ணுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? நான்கு மாதம் கேட்கவே கூச்சப்பட்டேன். ஐந்தாவது மாதம் கேட்டபோது முகம் வாடிப்போய், "உன்னை நான் அப்படி நினைக்கலையேம்மா" என்றார். திட்டியிருந்தால்கூட அன்றே விட்டிருப்பேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னும் இரண்டு மாதம் இருந்தேன். கடைசி வரை ஒப்பந்தம் என்று ஒரு காகிதம்கூடக் கிடையாது.

மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராயக் கேரளத்தில் 2017-இல் அமைத்த ஹேமா குழு 2019 டிசம்பரில் அறிக்கையைக் கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்ட்டில். பாலியல் தொல்லை பற்றிய பகுதிகள்தான் செய்தியானது, ஆகவேண்டியதும்தான். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதது, தளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாதது, அதனால் தண்ணீரே குடிக்காமல் இருப்பது, இவையும் அதில் இருக்கின்றன. படித்தபோது என் கதையை யாரோ எழுதியதுபோல இருந்தது.

தயாரிப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்

முதலில் எழுதிய உதவி இயக்குநர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த "சாரி"க்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். அந்த நூறு பேரில் நானும் ஒருவனாக வேறொரு தளத்தில் இருந்திருக்கிறேன். திரும்பிக்கொண்டவர்களின் வரிசையில்.

அலுவலகத்தில் யாருக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரியும். ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீனின் லண்டன் அலுவலகத்தில் உதவியாளராக இருந்த ஜெல்டா பெர்கின்ஸ், வைன்ஸ்டீன் மீது பாலியல் புகார் சொன்ன சக ஊழியருக்காகக் குரல் கொடுத்து வெளியேறியவர். 1998-இல் அவரை வாய் திறக்கக் கூடாது என்று ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். தான் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தின் முழுப் பிரதியைக்கூட அவர் கையில் கொடுக்கவில்லை. 2017-இல்தான் அதை மீறிப் பேசினார். 19 வருடம். ஸ்காட் ரூடின் பெரிய விருதுகள் அத்தனையும் வாங்கிய தயாரிப்பாளர். உதவியாளர்கள் மீது பொருட்களை வீசுவார், ஒருவர் கையில் கணினித் திரையை அடித்து உடைத்தார் என்று 2021 ஏப்ரலில் முன்னாள் ஊழியர்கள் சொன்னார்கள். ஒதுங்கிப் போனார். 2025-இல் மேடைத் தயாரிப்புக்குத் திரும்பிவிட்டார். அதனால் இவர்கள் தானாக வீழ்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

நான் கண்ட வரையில் உதவுவது எழுத்துதான். யார், எப்போது, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். சம்பளப் பேச்சை ஒரு செய்தியாகவாவது அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். கதையை டிஸ்கஷனில் சொல்வதற்கு முன் உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். அப்புறம், கிளம்பும்போது தனியாகக் கிளம்பாதீர்கள். கூட இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவரும் அதே எண்ணத்தோடு பல மாதமாக இருந்திருப்பார்.

யூனிட் கார் ஓட்டுநர்

நான் அதிகம் எழுதியவன் இல்லை. முதலில் எழுதிய தம்பி விரலைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். அவருடைய இயக்குநரின் ஓட்டுநர் நான் இல்லை. ஆனால் நானும் வேறொருவருக்கு ஓட்டியபோது அப்படி விரல் காட்டியிருக்கிறேன். எங்களில் பல பேர் காட்டுவோம்.

கார் கதவை மூடினால் உள்ளே நடப்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் பைனான்சியர் போன் வரும். வட்டி ஓடுகிறது, கதாநாயகனின் கால்ஷீட் இன்னும் நான்கு நாள்தான் என்று அவர் பேசும் பேச்சை வெளியே சொல்ல முடியாது. எங்கள் சாரும் "சாரி சார்"தான் சொல்வார். போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்குவார். நான் கையை மூடிக் காட்டுவேன். பிள்ளைகள் பாவம், தப்பித்துக்கொள்ளட்டும் என்று நினைத்துத்தான் காட்டினேன்.

ஆனால் அவரும் அழுதார் என்பதை வைத்து அவரை மன்னிக்க என்னால் முடியவில்லை. பைனான்சியரிடம் காட்ட முடியாத கோபத்தை அவர் யார் மேல் காட்டினார் என்பதையும் நான் கண்ணாடியில் பார்த்தேன். சம்பளம் குறைந்த, வயது குறைந்த பையன் மேல்தான். ஒரு நாளும் கேமராமேன் மேல் இல்லை.

தம்பி, அறை வாங்கிய அந்தப் பையனைப் பற்றி நீங்கள் அப்புறம் எதுவும் எழுதவில்லை. அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா? எண் இருந்தால் ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள்.