எபேனில் ஹெட்செட் மாட்டினால் அது ஐடி வேலையா?

ரெதுயி_மாணவி:
நேற்று மொக்கா மாமா எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. 2019இலிருந்து நம் மொரிஷியஸில் அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு ஃபீஸ் இல்லையாம். அப்படியும் நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் துறைக்குப் பயந்து அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போடுகிறார்களாம். பயமா? மூன்று வருடம் ஜாவா, டேட்டாபேஸ் என்று மண்டையை உடைத்துவிட்டு, எபேன் சைபர் சிட்டியில் ஏதாவது கால் சென்டரில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பிரான்சில் இருப்பவருக்கு "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்று சொல்லவா?

மொக்கா_மாமா:
ஹெட்செட் என்றால் அவ்வளவு இளப்பமா? எபேன் கரும்புக் காடாக இருந்ததைப் பார்த்தவன் நான். இந்தியா கடன் கொடுத்து சைபர் டவர் என்ற ஐடி கட்டிடம் எழும்பியது. இன்டர்நெட் கொண்டுவரும் சேஃப் கடலடிக் கேபிள் 2002இல் ஓடத் தொடங்கியது. அதெல்லாம் வராவிட்டால் உனக்கு ஹெட்செட்டும் இல்லை, ஜாவாவும் இல்லை. என் மருமகன் எபேனில் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறான், ஹெட்செட் போட்டுக்கொண்டுதான்!

ரெதுயி_மாணவி:
அது பாட்டுக் கேட்கிற ஹெட்செட், மாமா.

மொக்கா_மாமா:
ஹெட்செட் ஹெட்செட்தான்.

எபேன்_ராத்திரி:
அந்த ஹெட்செட்டில்தான் நான் சோறு சாப்பிடுகிறேன், கொஞ்சம் கேளுங்கள். அக்டோபர் கடைசியில் பிரான்சில் கடிகாரத்தைத் திருப்பினால் எங்கள் ஷிஃப்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். நம் கடிகாரம் அப்படியேதான் இருக்கும். அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார். தைப்பூசக் காவடி ஊருக்கே விடுமுறை, பிரான்சுக்கு இல்லையே! காவடி எடுக்க டீம் லீடரிடம் கெஞ்ச வேண்டும். தங்கச்சி டீச்சர் வேலைக்கு மனுப் போட்டபோது நான்தான் ஃபாரம் நிரப்பிக் கொடுத்தேன்.

மொக்கா_மாமா:
காவடிக்குக் கெஞ்சினாயா? 1998இல் நம் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கினார்கள். கெஞ்சவில்லை, எதிர்த்தோம். நோட்டையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இந்தத் தலைமுறைக்கு அந்த முதுகெலும்பு எங்கே?

கத்ர்போர்ன்_சிவா:
வந்துவிட்டது நோட்டு! எந்தப் பேச்சானாலும் மாமா நோட்டில்தான் முடிப்பார். சரி, எபேன் அவ்வளவு உசத்தி என்றால் உங்கள் மகன் ஏன் கனடாவில் கோடு எழுதுகிறான்?

மொக்கா_மாமா:
என் மகனை இழுக்காதே. அவன் அங்கேயும் ஹெட்செட் போட்டுத்தான் மீட்டிங்கில் உட்காருகிறான். விசாரித்துப் பார்.

ரெதுயி_மாணவி:
நான் கேட்டது வேலையைப் பற்றி. படித்ததற்கு ஏற்ற வேலை இங்கே எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

மொக்கா_மாமா:
முதலில் ஹெட்செட்டை இளப்பமாகப் பேசியதற்குப் பதில் சொல்லு. அப்புறம் பார்க்கலாம்.

கத்ர்போர்ன்_சிவா:
விடு தங்கச்சி. கோயில் கமிட்டித் தேர்தலில் தோற்றதிலிருந்து மாமா இப்படித்தான்.

மொக்கா_மாமா:
தோற்கவில்லை. நானாக விலகினேன். அன்னதானக் கணக்கைக் கேட்டேன், யாரும் காட்டவில்லை. அந்தக் கணக்கு உன் சித்தப்பாவிடம்தான் இருந்தது, சிவா.

கத்ர்போர்ன்_சிவா:
சித்தப்பா பேரை எடுத்தீர்களா? இருங்கள், அவரையே இங்கே எழுதச் சொல்கிறேன்.