தொட்டியில் கொடி வளர்த்து மறைப்பு அமைத்தவர்களின் அனுபவங்கள்

வேளச்சேரி பால்கனி:
எங்கள் பால்கனிக்கும் எதிர்க் குடியிருப்பின் சமையலறைச் சன்னலுக்கும் இடையே பத்தடி கூட இல்லை என்பதால், இரண்டு பெரிய தொட்டிகளில் ரங்கூன் மல்லி வைத்து நைலான் வலையில் ஏற்றிவிட்டேன். அந்தக் கொடி வளரும் வேகத்தை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மாலையில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு நன்றாகச் சிவந்துவிடும் கொத்துகளால் வலையே தெரியாமல் போயிற்று. கடைசியாக மிச்சமிருந்த ஓர் இடைவெளியில் நான் ஒரு தளிரைச் செருகிக்கொண்டிருந்தபோது, எதிர்ச் சன்னலில் கரண்டியும் கையுமாக நின்ற அம்மா, "ஏம்மா, எங்க முகத்தைப் பார்க்கவே பிடிக்கலையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "வெயிலுக்காகத்தான் ஆன்ட்டி" என்றேன். எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

மாம்பலம் மொட்டை மாடி:
வடக்குப் பார்த்த பால்கனியில் ரங்கூன் மல்லி கொத்துக் கொத்தாகப் பூத்தது என்பதை நம்புவது சற்றுக் கடினமாக இருக்கிறது. நல்ல வெயில் இல்லாவிட்டால் அது இலையாகவே ஓடும். அது போகட்டும். நான் கைப்பிடிச் சுவரை ஒட்டிச் சவுக்குக் கம்புகள் நட்டு வலை கட்டி, குரோ பேக்குகளில் (செடி வளர்க்கும் பைகளில்) சங்குப்பூ விதைத்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த இரவில் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, இலை அடர்ந்த அந்த வலை முழுவதும் பாய்மரம் போலப் புடைத்து, பைகள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தன. அடுத்த வீச்சில் கம்புகளோடு சேர்ந்து எல்லாமே தெருப்பக்கம் சாய்ந்தது. கீழே நிறுத்தியிருந்த யாருடைய வண்டி மீதும் விழவில்லை. ஆனால் பைகள் தூக்கிக்கொண்டு நின்ற அந்த ஒரு நொடி இன்றும் நினைவில் வருகிறது. சுவரில் ஆணியடித்துக் கட்டப்படாத எந்த மறைப்பையும், அது எவ்வளவு வேகமாக வளர்ந்தாலும், மறைப்பு என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

கோவைக்காய் பிரியர், திருச்சி:
எனக்கு நேர்ந்தது சிறியதுதான். கீழ்வீட்டு அண்ணன் என்னை அழைத்துப்போய்ப் படுக்கையறைக் கூரையில் வட்ட வட்டமாகப் பூத்திருந்த ஈரத்தைக் காட்டினார். அவை சரியாக என் தொட்டிகளின் வரிசையில் இருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மேலே எழுதியவர்கள் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து அங்குலக் குரோ பேக்கில் தோட்ட மண்ணையே நிரப்பி நனைத்தால் 60 கிலோவுக்கு மேல் எடை வரும். 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி நிரப்பினாலோ அது நூறு கிலோவைத் தாண்டிவிடும். ஆகவே தென்னை நார்க்கழிவைப் பாதியளவாவது கலந்து, செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் காற்றும் நீரும் போக வழி விடுங்கள். மேற்கு வெயில் படும் இடத்தில் கறுப்புத் தொட்டி கூடவே கூடாது. பக்கச் சுவர் சுட்டு, ஓரத்து வேர்கள் வெந்துவிடும். எந்தக் கொடி எதைப் பிடிக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். கோவைக்காய்க் கொடி சுருண்டு பிடிக்கும் மெல்லிய பற்றுக்கம்பிகளால் பற்றுவதால் அதற்கு மெல்லிய கயிறு தேவை, பி.வி.சி. குழாயைக் காட்டினால் வழுக்கி விழும். சங்குப்பூ தண்டையே சுற்றிக்கொண்டு ஏறும். ரங்கூன் மல்லியோ காய்ந்த இலைக்காம்புகளை முள்ளாக்கி அவற்றைக் கொண்டு தொற்றிக்கொள்ளும், கிளைகளை வெட்டிக் கவாத்துச் செய்பவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. சங்குப்பூ விதையை ஓர் இரவு ஊற வைக்காமல் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று புலம்புகிறவர்களைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

வேளச்சேரி பால்கனி:
மாம்பலத்து நண்பருக்கு: சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகவே சாய்ந்து போகிறது. அந்த மாதங்களில்தான் என் கொடி பூத்தது. மற்ற காலத்தில் நீங்கள் சொன்னபடி இலைதான். பூத்ததா இல்லையா என்பதை எதிர்வீட்டு அம்மாவிடமே கேட்டுக்கொள்ளலாம், இப்போது அவருக்கு வேறு எதுவும் தெரிவதில்லை.

மாம்பலம் மொட்டை மாடி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வெயிலுக்காக வைத்தேன் என்று நீங்கள் அவரிடம் சொன்னது மே மாதமாக இருந்தால் பொய்யில்லை, மார்கழியாக இருந்தால் பொய்தான்.

நான்காம் மாடி, தாம்பரம்:
நர்சரிக்காரர் "இது திரைச்சீலை மாதிரி அடைக்கும் சார்" என்று சொல்லிக் கர்ட்டன் க்ரீப்பர் கொடுத்தார். அது மேலிருந்து தொங்கும் இனம், ஏறுகிற இனமல்ல என்பதை அவரும் சொல்லவில்லை. பால்கனித் தரையில் வைத்த தொட்டியிலிருந்து கம்பிகளுக்கு வெளியே சரிந்து, கீழ்த்தளத்துப் பால்கனியை முழுவதும் மூடிவிட்டது. என் பக்கம் முன்பு போலவே திறந்து கிடக்கிறது. கீழ்வீட்டுக்காரர் சென்ற வாரம் மேலே வந்து நன்றி சொன்னதோடு, நுனி கொஞ்சம் வெளுத்துப் போயிருப்பதாகவும், மண்புழு உரம் போட்டால் நன்றாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கொடியை இனி நான் வெட்டலாமா, அவரைக் கேட்டுத்தான் வெட்ட வேண்டுமா?