பொருள்: ‘ஃபில் லைட்’டுக்குத் தமிழ்: நிரப்பொளியா, நிழல் தணிப்பா?

வணக்கம். புதியவர்களுக்கான ஒளிப்படக் கையேட்டில் ‘ஃபில் லைட்’டுக்கு, அதாவது முகத்தின் நிழல் பக்கத்தை வெளுக்க வைக்கிற வெளிச்சத்துக்கு, ‘நிழல் தணிப்பு’ என்று எழுதலாம் என்றேன். அதற்கு வந்த கேள்விகளும் என் பதிலும்:

> ‘நிரப்பொளி’ நேரடியாகப் பொருள் தருகிறது. சிலர் எழுதியும் வருகிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம்தான். முகத்தில் விழும் முக்கிய வெளிச்சமான ‘கீ லைட்’டுக்கு முதன்மை ஒளி என்று முடிவானதில் எனக்கு மறுப்பில்லை (நல்லவேளை, யாரும் சாவி ஒளி என்று எழுதவில்லை). ஃபில் லைட்டில்தான் உதைக்கிறது.

ஒளி என்று முடிகிற சொல்லைப் படித்தால், புதிதாகக் கற்பவர் விளக்கு வாங்கக் கிளம்பிவிடுவார். நானே அப்படிக் கிளம்பியவன். முகப்படத்துக்கு முதன்மை ஒளி ஒன்று, நிரப்ப இன்னொன்று என்று கணக்குப் போட்டு, இரண்டு விளக்கு, இரண்டு ஸ்டாண்ட், இரண்டு சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) என்று பெட்டியோடு வாங்கினேன். இரண்டாவது விளக்கு இப்போது பரணில் கிடக்கிறது. அதன் வேலையை ஒரு தெர்மாகோல் அட்டை பார்க்கிறது.

போன பொங்கலுக்குப் பெரியம்மாவைப் படம் எடுத்தேன். வெள்ளைக் குடை மாட்டிய ஒரே ஒரு ஃபிளாஷ், அவருடைய இடப்பக்கம் 45 பாகையில், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. இடக்கன்னம் பளிச்சென்று வந்தது. வலப்பக்க மூக்குத்தியோ இருட்டில் காணாமலே போனது. தம்பி மகள் தெர்மாகோலைத் தூக்கி வந்து நாலடி தள்ளிப் பிடித்தாள். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. இரண்டடிக்கு வந்ததும் மூக்குத்தி தெரிந்தது, கன்னத்துச் சுருக்கமும் தெரிந்தது. அங்கே புதிதாக எந்த விளக்கையும் ஏற்றவில்லை. முகத்தைத் தாண்டி வீணாய்ப் போன வெளிச்சம் திரும்பி வந்தது, அவ்வளவுதான். ஆகவே பெயர் கருவிக்கு இல்லாமல் வேலைக்கு இருக்கட்டும் என்கிறேன்: நிழல் தணிப்பு.

துணியும் சுவரும்கூட ஒளி ஆகலாம் என்பது உண்மைதான். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்காக (1956) காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் கட்டியபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்து, கீழிருந்து விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார். அங்கே துணியே முதன்மை ஒளி. இதுவும் என் பக்கம்தான் பேசுகிறது: பொருள் எதுவானாலும், அது செய்கிற வேலைதான் பெயர் தருகிறது.

இன்னொரு சோதனையும் வைத்துப் பார்க்கலாம். ஐந்து முகம் கொண்ட மடக்கு ரிஃப்ளெக்டரில் வெள்ளை, வெள்ளி, தங்கம், ஒளி ஊடுருவும் துணி ஆகியவற்றோடு ஒரு கறுப்பு முகமும் உண்டு. புதியவர்கள் அதைத் தொடுவதே இல்லை. வெள்ளைச் சுவர் வைத்த சின்ன அறையில் வெளிச்சம் நாலா பக்கமும் எகிறி, முகம் ரேஷன் கார்டுப் படம்போலத் தட்டையாகிவிடும். கறுப்பு முகத்தைக் கன்னத்தருகே பிடித்தால் அது வெளிச்சத்தை விழுங்கி, நிழலுக்கு ஆழம் கொடுக்கும். இதைத்தான் நெகட்டிவ் ஃபில் என்கிறார்கள். நிரப்பொளி என்று வைத்தவர்கள் இதை என்ன சொல்வார்கள்? ‘எதிர்மறை நிரப்பொளி’யா? கறுப்புத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒளி என்பதா? என் இணை எளிது: நிழல் தணிப்பு, நிழல் செறிப்பு.

ஏன் ‘நீக்கம்’ இல்லை? தாகம், சூடு, கோபம் எல்லாம் தணியும்போது ஒரேயடியாக இல்லாமல் போவதில்லை; இறங்குகிறது. முகப்படத்திலும் நிழல் முழுக்கப் போய்விடக் கூடாது. வெளிச்சப் பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் 2:1 இருந்தால் சாந்தமான முகம். 4:1 என்றால், அதாவது இரண்டு ஸ்டாப் வேறுபாட்டில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு), கன்ன எலும்பு எழுந்து நிற்கும். 8:1 என்றால் ஒரு பாதி ஏறக்குறைய இருட்டு. இதற்குத் ‘தணிப்பு விகிதம்’ என்ற சொல்லும் தானாகவே கிடைக்கிறது.

> நீளமாக இருக்கிறது. படப்பிடிப்பில் யார் சொல்வார்கள்?

யாரும் சொல்லமாட்டார்கள். “தெர்மாகோலைப் புடி” என்பார்கள். அதை மாற்ற நாம் யார். இந்தச் சொல் கையேட்டுக்கு. அதில் ‘தொடங்க ஒரு ஃபிளாஷ், ஒரு ஸ்டாண்ட், ஒரு குடை, நிழல் தணிப்புக்கு ஒரு வெள்ளை அட்டை’ என்று இருந்தால், படிப்பவர் இரண்டாவது விளக்கைத் தேடிப் போகமாட்டார். (பச்சைச் சுவரைத் தணிப்புக்கு நம்ப வேண்டாம், முகத்தில் பச்சை ஏறும். பட்டபின் சொல்கிறேன்.)

அட்டையைக் கிட்டக் கொண்டுவந்தால் கண்மணியின் கீழே இன்னொரு வெள்ளைப் புள்ளியும் விழுகிறது. கண்ணில் மின்னும் இந்தப் புள்ளியான ‘கேட்ச்லைட்’டுக்குக் ‘கண்பொட்டு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். அதைத் தனி இழையில் பேசலாம்.