டெம்ப்ஸ்டர் சாலையில் போகிறீர்களா? பெட்ரோல் கணக்கு எளிது, டயரைப் பாருங்கள்

கனடா வந்து லைசன்ஸ் எடுத்து, முதல் காரும் வாங்கியானதும் நம்மவர்கள் பலருக்கு வரும் ஆசைகளில் ஒன்று, காரிலேயே போய் ஆர்க்டிக் கடலைப் பார்ப்பது. நடக்கக்கூடிய ஆசைதான். யூகானில் டாசன் சிட்டி பக்கத்தில் தொடங்கும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை ஏறத்தாழ 736 கி.மீ. ஓடி வடமேற்குப் பிரதேசத்தின் இனுவிக்கில் முடிகிறது. முன்பு கோடையில் அதற்கு மேல் சாலை இல்லை. பனிக்காலத்தில் மட்டும் உறைந்த ஆற்றின்மேலும் கடலின்மேலும் வழி போடுவார்கள். 2017 நவம்பரில் இனுவிக்கிலிருந்து டுக்டோயாக்டுக் வரை சுமார் 140 கி.மீ. சரளைச் சாலை திறந்த பிறகு, கடற்கரை வரை சக்கரத்திலேயே போய்விடலாம்.

இதற்குத் தயாராகிறவர்கள் பெட்ரோலைப் பற்றித்தான் அதிகம் பயப்படுகிறார்கள். நான்கு கேன் வாங்கிக் கூரையில் கட்டுகிறார்கள். ஆனால் வண்டியில் இருப்பது நகரத்தில் ஓட்டிய அதே டயர். ஸ்டெப்னி இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. கவலையை அப்படியே திருப்பிப் போடுங்கள் என்பதுதான் என் கட்சி. பெட்ரோல் வீட்டிலேயே உட்கார்ந்து தீர்த்துவிடக்கூடிய கணக்கு. டயர் அப்படி இல்லை.

முதலில் அந்தக் கணக்கை முடித்துவிடுவோம். டாசனிலிருந்து டெம்ப்ஸ்டர் திருப்பம் 40 கி.மீ. அங்கிருந்து பெட்ரோல் கிடைக்கும் ஈகிள் ப்ளெயின்ஸ் 369 கி.மீ. ஆக, சுமார் 410 கி.மீ.க்கு நடுவில் பெட்ரோல் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். வழி முழுவதிலும் மிக நீண்ட வெற்றிடம் இதுதான். ஈகிள் ப்ளெயின்ஸிலிருந்து ஃபோர்ட் மக்ஃபர்சன் சுமார் 180 கி.மீ., அங்கிருந்து இனுவிக் இன்னொரு 185. டுக்டோயாக்டுக்கிலும் பெட்ரோல் உண்டு, ஆனால் இனுவிக்கில் முழு டேங்க் அடித்துக்கொண்டால் போய்த் திரும்ப அதுவே போதும்.

இப்போது உங்கள் வண்டி. விளம்பரத்தில் 100 கி.மீ.க்கு 9 லிட்டர் என்று போட்டிருக்கும். 55 லிட்டர் டேங்க் என்றால் 600 கி.மீ. ஓடும், கவலையில்லை என்று தோன்றும். சரளை, ஏற்றம், எதிர்காற்று, ஆள், சாமான், கூரைமேல் பெட்டி எல்லாம் சேர்ந்தால் 12 லிட்டர் என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். அப்போது அதே டேங்க் 450 கி.மீ.தான் தாங்கும். ஈகிள் ப்ளெயின்ஸ் போய்ச் சேருவீர்கள், கையில் மிஞ்சுவது 5 லிட்டர் சொச்சம். ஒரு 20 லிட்டர் கேன் இருந்தால் இன்னும் 165 கி.மீ. கிடைக்கும். சாதாரண எஸ்.யு.வி.க்குக் கோடையில் இந்த ஒரு கேன் போதும், நான்கு வேண்டாம். பெரிய பிக்கப்போ டிரெய்லரோ என்றால் இரண்டு.

கேன் எதற்கு என்றால், பங்க் தூரத்தில் இருப்பதால் மட்டுமல்ல; திரும்பி வர வேண்டியிருக்கலாம் என்பதால். ஈகிள் ப்ளெயின்ஸ் மின்கம்பி எட்டாத இடம், ஜெனரேட்டரில் ஓடுகிறது; அது நின்றால் பம்பும் நின்றுவிடும். மழையில் சாலை அரித்துக்கொண்டு போகலாம். ரிச்சர்ட்சன் மலைப்பக்கம் காற்று அடித்தால் சாலையையே மூடிவிடுவார்கள். பீல் ஆற்றையும் மெக்கென்சி ஆற்றையும் கோடையில் ஃபெர்ரியில்தான் கடக்க வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் தண்ணீர் ஏறினால் படகும் இல்லை. ஈகிள் ப்ளெயின்ஸிலிருந்து பீல் ஆறு 170 கி.மீ. கரையில் நின்று காத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினால் 340. அதனால் பாதி டேங்க் இருக்கிறதே என்று எந்த பங்க்கையும் தாண்டிப் போகாதீர்கள். விலை அதிகமாகத்தான் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கள். ஃபோர்ட் மக்ஃபர்சனில் இரவில் பங்க் மூடியிருக்கும் என்றே வைத்துத் திட்டமிடுங்கள். கிரெடிட் கார்டு ஒன்றுக்கு இரண்டாகவும், கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

கேனைப் பற்றிச் சில விஷயம். யூகானின் தலைநகரான ஒயிட்ஹார்ஸுக்கு விமானத்தில் வந்து வண்டி வாடகைக்கு எடுப்பவர்கள் கேனை அங்கேயே வாங்குங்கள். பயன்படுத்திய கேனை விமானத்தில் ஏற்றவிட மாட்டார்கள். நிரப்பும்போது கேனைத் தரையில் வைத்து நிரப்ப வேண்டும், வண்டிக்குள் வைத்தே நிரப்பினால் நிலைமின் பொறி தெறிக்கும் அபாயம் உண்டு. கழுத்து வரை நிரப்பாதீர்கள், வெயிலில் பெட்ரோல் விரியும். குழந்தைகள் உட்காரும் இடத்துக்குள் கேன் கூடவே கூடாது, வாடை மட்டுமல்ல பிரச்சினை. வெளியே கட்டினால், நிற்கும் இடத்திலெல்லாம் பட்டையை இழுத்துப் பாருங்கள். வரிவரியான சாலைக் குலுக்கலில் எந்த முடிச்சும் தளரும். அப்புறம், புதிய வண்டிகள் சிலவற்றில் டேங்குக்குத் திருகுமூடியே இருக்காது, உள்ளே ஒரு தடுப்பு மட்டும். கேன் மூக்கு அதில் நுழையாது. அதற்கான புனல் ஸ்டெப்னி கிடங்கில் எங்காவது செருகியிருக்கும். கிளம்பும் முன்பே தேடி எடுத்து வையுங்கள்.

பெட்ரோல் அவ்வளவுதான்.

இனி டயர். இந்தச் சாலை ஏன் டயரைத் தின்கிறது என்று புரிந்தால் என்ன வாங்குவது என்பதும் புரியும். கீழே இருப்பது நிரந்தரமாக உறைந்த மண். தார் போட்டால் கருப்பு வெப்பத்தை இழுக்கும், மண் இளகும், சாலை உட்காரும். அதனால் ஓர் ஆள் உயரத்துக்குச் சரளையைக் கொட்டி, மண்ணுக்குக் கம்பளி போர்த்துவதுபோல் மேடு கட்டி, அதன்மேல் சாலையை ஓட்டியிருக்கிறார்கள். அந்தச் சரளையில் ஷேல் கல் நிறைய. உருண்டைக் கல் அல்ல. தகடு தகடாக உடையும், விளிம்பு கத்தி மாதிரி. கிரேடர் வண்டி சாலையைச் சீவிவிட்டுப் போன புதிதில் பார்ப்பதற்கு மட்டமாக இருக்கும், ஆனால் கூரான கற்கள் மேலே வந்து நிற்பதும் அப்போதுதான். அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

டயரின் நடுவில் ஆணி குத்தினால் பஞ்சர் கிட் வைத்து ஒட்டிவிடலாம். ஷேல் கல் பக்கச் சுவரைக் கிழித்தால் ஒட்ட முடியாது, டயர் போனது போனதுதான். அதனால் பார்க்க வேண்டியது பக்கச் சுவர். டயரில் 225/65ஆர்17 என்று எழுதியிருந்தால், 225 மி.மீ. அகலம், 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் சுவர் உயரம் என்பது, 17 ரிம்மின் அங்குலம். இங்கே சுமார் 146 மி.மீ. 235/45ஆர்20 என்றால் 106 மி.மீ.தான். பெரிய ரிம் பார்க்க அழகு, இந்தச் சாலைக்கு ஆகாது. ஒரே மாடலில் 17 அங்குலமும் 20 அங்குலமும் இருந்தால் 17-ஐ எடுங்கள்.

பிக்கப்போ பெரிய எஸ்.யு.வி.யோ வைத்திருப்பவர்கள் எல்.டி. (லைட் டிரக்) வகை டயரில் லோட் ரேஞ்ச் ஈ, அதாவது 10 ப்ளை தரம் போட்டால் நிம்மதி. ஒரு எச்சரிக்கை: அதே சுமையைத் தாங்க எல்.டி. டயருக்குச் சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்று வேண்டும், கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவு அதற்குப் பொருந்தாது. டயர் போடும் கடையிலேயே எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சின்ன கிராஸ்ஓவர்களுக்கு அந்த அளவில் எல்.டி. கிடைக்காமல் போகலாம், அப்போது நல்ல ஆல்-டெரெய்ன் டயர் போதும். டயர் பக்கத்தில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. டயரின் மேல்வரிகள் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் பழசாகியிருந்தால் இந்தச் சாலையில் நம்பாதீர்கள்.

ஸ்டெப்னிதான் பெரிய விஷயம். இங்கே விற்கும் புதுக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே இல்லை, ஒரு டப்பா பசையும் குட்டி கம்ப்ரஸரும் மட்டும். மற்றவற்றில் மெலிந்த தற்காலிகச் சக்கரம். பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் போகாதே என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். நல்ல சாலையில் பக்கத்துக் கடை வரை போகச் செய்தது அது. சரளையில் 200 கி.மீ. போக அல்ல. நான்கு சக்கர இயக்க வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சின்னதாக இருந்தால் டிஃபரென்ஷியலுக்கும் கேடு. எனவே ரிம்மோடு ஒரு முழு அளவு ஸ்டெப்னி அவசியம், அதற்குக் குறைந்து கிளம்பவே வேண்டாம். இரண்டு எடுத்துப் போவது அதிகப்படி என்பவர்கள் உண்டு. ஒன்று கிழிந்த பிறகு மீதித் தூரத்தை ஸ்டெப்னி இல்லாமல் ஓட்ட உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கில்லை, இரண்டுதான் என் கணக்கு. ஈகிள் ப்ளெயின்ஸில் பஞ்சர் ஒட்டுவார்கள், ஆனால் உங்கள் அளவில் புது டயர் அலமாரியில் காத்திருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

கூடவே 12 வோல்ட் கம்ப்ரஸர், பஞ்சர் கிட், காற்று அளக்கும் கேஜ், வீல் ஸ்பேனர். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தடித்த பலகை. சரளையில் ஜாக்கி புதைந்துவிடும். ரிம்மில் பூட்டு நட்டு இருந்தால் அதன் சாவி எங்கே என்று இப்போதே பாருங்கள். வீட்டு வாசலில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகுங்கள், வண்டியில் வருகிற இன்னொருவருக்கும் சொல்லிக்கொடுங்கள். காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: சில பி.எஸ்.ஐ. குறைத்தால் குலுக்கல் குறையும், கூர்க்கல்லுக்கும் டயர் வளைந்து கொடுக்கும். ஆனால் முழுச் சுமையோடு குறைக்காதீர்கள், திரும்ப அடிக்கக் கம்ப்ரஸர் இல்லாமலும் குறைக்காதீர்கள். எப்படியிருந்தாலும் உண்மையில் டயரைக் காப்பது வேகம். 70-ல் போகிறவருக்கும் 100-ல் போகிறவருக்கும் ஒரே கல் ஒரே மாதிரி குத்தாது. கோடையில் அங்கே இரவே இருட்டாது. வெளிச்சம் இருக்கிறதே என்று தூக்கக் கண்ணோடு ஓட்டிக் குழியில் விடுவதும் நடக்கிறது. எதிரே லாரி வந்தால் வலப்பக்கம் ஒதுங்கி மெதுவாகுங்கள், கண்ணாடி பிழைக்கும்.

வாடகை வண்டி எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல ஒப்பந்தங்கள் தார் இல்லாத சாலையைத் தடை செய்கின்றன, சிலவற்றில் டெம்ப்ஸ்டர் பெயரே இருக்கும். மீறிப் போனால் காப்பீடு செல்லாது, கிரெடிட் கார்டு தரும் காப்பீடும் கைவிடலாம். சரளைக்கு அனுமதிக்கும் நிறுவனங்கள் ஒயிட்ஹார்ஸில் உண்டு. அவர்களிடமும் ஸ்டெப்னி முழு அளவா, எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள்.

செல்போன் சிக்னல் டாசனை விட்டதும் போய்விடும், ஊர்களுக்குப் பக்கத்தில்தான் திரும்ப வரும். புது ஐஃபோனில் செயற்கைக்கோள் வசதி இருக்கிறதே என்று நினைப்பவர்கள் கவனிக்க: 62 பாகை அட்சரேகைக்கு மேலே அது வேலை செய்யாமல் போகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. டாசனே 64 பாகைக்கு மேல். கார்மின் இன்ரீச் போன்ற, செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி இரிடியம் செயற்கைக்கோள்களை நம்பியது, அது துருவம் வரை எட்டும். கிளம்பும் நாள் காலையில் 511 யூகான் தளத்தில் சாலை நிலவரம் பாருங்கள். எல்லைக்கு அப்பால் உள்ள பகுதிக்கும் ஃபெர்ரிக்கும் வடமேற்குப் பிரதேச அரசின் தளம் தனி.

பனிக்காலத்தில் போகலாமா என்றால், முதல் இரண்டு மூன்று வருடம் வேண்டாம். ஆறு உறையும்போதும் உடையும்போதும் ஃபெர்ரியும் இல்லை, ஐஸ் பாலமும் இல்லை. மைனஸ் 40-ல் எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர், குளிர்கால டீசல், மலைச்சின்னத்துக்குள் பனித்துகள் போட்ட டயர் என்று அது வேறு கதை.

திரும்பும்போது ஒன்று. தூசி அடங்கச் சாலையில் கால்சியம் குளோரைடு போடுகிறார்கள். நனைந்தால் சோப்பாக வழுக்கும், காய்ந்தால் சிமென்ட் மாதிரி ஒட்டிக்கொள்ளும், இரும்பையும் அரிக்கும். டாசன் வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவுங்கள், ரிம்மின் உள்பக்கத்தை முக்கியமாக. அங்கே சேறு ஒருபக்கமாக அப்பியிருந்தால் தார்ச்சாலையில் 90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உதறும். டயர் போய்விட்டது என்று கடைக்கு ஓடுவதற்கு முன் தண்ணீர் அடித்துப் பாருங்கள்.