கதிர்வீச்சு கேஸ் வந்தால் நம்ம கேஷுவாலிட்டி தாங்குமா? அனுபவம் இருப்பவர்கள் எழுதுங்கள்

பி.ஜி. மாணவி, ராயபுரம்:

சமூக மருத்துவம் படிக்கிறேன். கதிர்வீச்சு விபத்துக்கு மருத்துவமனை ஊழியர்கள் எந்த அளவுக்குத் தயார் என்பதுதான் என் ஆய்வு. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கேள்வித்தாளோடு அலைகிறேன். எங்கே போனாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: “கல்பாக்கம் எங்கே, நாம எங்கே டாக்டர்?”

நியாயம்தான், கல்பாக்கம் தெற்கே 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் என் கவலை அணு உலை இல்லை. மணலி, எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் வெல்டிங் ஜாயின்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ராத்திரியில் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்துப் படம் எடுப்பார்களே, அந்தக் ‘கேமரா’வுக்குள் இருப்பது பெரும்பாலும் இரிடியம்-192 என்ற கதிரியக்க உலோகம். சின்னத் துண்டுதான். அது கழன்று விழுந்து, விவரம் தெரியாதவர் கையில் கிடைத்தால்? 1999ல் பெரு நாட்டின் யனாங்கோவில் ஒரு வெல்டர் அதை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கடைசியில் அவருடைய காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

கேள்வித்தாளில் பலரும் ‘அயோடின் மாத்திரை’ என்று டிக் அடித்துவிடுகிறார்கள். அது கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டும்தான் காக்கும். இரிடியத்துக்கும் கோபால்ட்டுக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதைவிடப் பெரிய தடுமாற்றம், “கதிர்வீச்சு பட்டவரைத் தொட்டால் உங்களுக்கும் வருமா?” என்ற கேள்வியில். வெளியிலிருந்து கதிர் பட்டவர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் மாதிரிதான், அவரைத் தொடுவதால் எதுவும் வராது. உடம்பிலோ துணியிலோ கதிரியக்கத் தூசு ஒட்டியிருந்தால்தான் கையுறை, மாஸ்க், கவுன் எல்லாம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நோயாளி வாசலிலேயே கிடப்பார்.

“கூப்பிட்டால் டியூட்டிக்கு வருவீர்களா?” என்ற கேள்விக்கு ஒரு ஸ்டாஃப் நர்ஸ் சொன்னது: “கொரோனாவுக்கு வந்தோம், இதுக்கு வர மாட்டோமா? என்ன போட்டுக்கிட்டு வரணும்னு மட்டும் சொல்லுங்க.” பக்கத்தில் மாப் போட்டுக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமலே கேட்டார்: “அவரு கழட்டிப் போட்ட துணிய யாரும்மா எடுக்கணும்?” என் பட்டியலில் டாக்டர், நர்ஸ், டெக்னீசியன் மூன்று பிரிவுதான். அவரைக் கேட்பதற்குத் தாளே இல்லை.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். மருத்துவமனை பெயர் வேண்டாம்.

கேஷுவாலிட்டி நர்ஸ், தண்டையார்பேட்டை:

எங்களிடம் ஒரு தம்பி வந்தான். வலது கையில் மூன்று விரல் சிவந்து, நுனியில் கொப்புளம். “சூடு பட்டுச்சா?” “இல்ல சிஸ்டர்.” “ஆசிட்?” “ஞாபகம் இல்ல.” தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பைக் கையில் எடுத்துவிட்டோம். அப்போதுதான் டியூட்டி டாக்டர், “என்ன வேலைப்பா பார்க்கிற?” என்று கேட்டார். “ரேடியோகிராஃபி ஹெல்பர் சார், வெல்டிங்கைப் படம் எடுக்கிற வேலை.”

அவ்வளவுதான், அறை காலி. பக்கத்து பெட் அம்மாவின் மகன் டிரிப் ஸ்டாண்டோடு அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். டாக்டர் மட்டும் நகரவில்லை. வாந்தி எடுத்தாயா, எத்தனை மணிக்கு, கை முதலில் சிவந்து மறைந்து திரும்ப வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். கதிர்வீச்சுக் காயம் அப்படித்தானாம். முதல் சிவப்பு போய்விடும், வாரங்கள் கழித்துத்தான் கொப்புளம் கிளம்பும். அதனால் எங்கே, எப்போது என்று நோயாளிக்கே பிடிபடாது. ரத்தம் எடுத்து லிம்போசைட் என்ற வெள்ளணுவின் எண்ணிக்கையைத் தனியாகக் குறிக்கச் சொன்னார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்து, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

கடைசியில் அது பெயின்ட் ரிமூவர். கையுறை போடாமல் துடைத்திருக்கிறான். ஆனால் அது தெரிகிற வரைக்கும் யாருக்கு போன் செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சுவரில் தீயணைப்பு நம்பர் இருக்கிறது, பாம்புக்கடி சார்ட்டும் இருக்கிறது.

108 ஆம்புலன்ஸ் ஈ.எம்.டி. (அவசர மருத்துவ டெக்னீசியன்), எண்ணூர்:

2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்ததே, அதை வைத்துச் சொல்கிறேன். நாங்களும் ஓடினோம். ஆனால் கண்ணும் தொண்டையும் எரிகிற ஜனம் எங்களுக்காகக் காத்திருக்குமா? பைக், ஆட்டோ, கிடைத்ததில் ஏறிப் போனார்கள். வெளியிலேயே துணி மாற்றி, குளிப்பாட்டி உள்ளே அனுப்புவது எல்லாம் புத்தகத்தில்தான். ஜனம் நேரே உள்ளே வந்துவிடும்.

கதிர்வீச்சில் இதுவும் இருக்காது, எரிச்சலே தெரியாது. 1987ல் பிரேசிலின் கோயானியாவில் பழைய புற்றுநோய் சிகிச்சை மெஷினை உடைத்து சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் வெளியே வந்தபோது, சோதனைக்கு வந்தது 1,12,000 பேருக்கு மேல். தூசு ஒட்டியிருந்தது 249 பேருக்கு. மீதிப்பேர் பயத்தில் வந்தவர்கள். அந்த வரிசையை நம்ம ஓ.பி. வாசலில் வைத்துப் பாருங்கள். தங்கச்சி, கேள்வித்தாளில் இதைச் சேர்த்தீர்களா?

எக்ஸ்ரே டெக்னீசியன், வண்ணாரப்பேட்டை:

என் சட்டையில் இருக்கும் டி.எல்.டி. பேட்ஜை (கதிர்வீச்சு அளவைப் பதிவு செய்வது) பார்த்துவிட்டு, “உனக்கென்னப்பா, அது காப்பாத்தும்” என்கிறார்கள். அது தாயத்து இல்லை! மூன்று மாதம் கழித்து லேபில் படித்தால்தான் எவ்வளவு வாங்கினேன் என்றே தெரியும். அந்த நிமிடத்தில் கதிர்வீச்சு எவ்வளவு என்று சொல்வது கையில் பிடிக்கும் சர்வே மீட்டர்தான். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் அது பூட்டிய அலமாரியில் இருந்தது, சாவி இன்சார்ஜ் வீட்டுக்குப் போய்விடும்.

அங்கே மாக் டிரில் (ஒத்திகை) ஒன்று நடத்தினார்கள். முன்கூட்டியே சர்க்குலர், பகல் 11 மணி. தொடை எலும்பு உடைந்து ரத்தம் போகிறது, மேலே கதிரியக்கத் தூசு என்பது கதை. நோயாளியாக ஒரு ஹவுஸ் சர்ஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டு படுத்திருந்தார். மீட்டரை எடுத்தால் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கிறது. உடனே ஹோஸ் பைப்பால் குளிப்பாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ரத்தத்தை யாரும் நிறுத்தவில்லை! முதலில் மூச்சும் ரத்தமும்தான். அப்புறம் துணியைக் கத்தரித்து, வெளிப்பக்கம் உள்ளே போகிற மாதிரி சுருட்டிக் கழற்றினாலே பெரும்பகுதித் தூசு போய்விடும், 90 சதவீதம் வரை என்கிறார்கள். தண்ணீர் அதற்கு அப்புறம். ரிப்போர்ட்டில் ‘திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஹவுஸ் சர்ஜன், மாதவரம்:

எங்கள் மாமா காயலாங்கடை வைத்திருக்கிறார். 2010ல் டெல்லி மாயாபுரியில் நடந்ததும் காயலாங்கடையில்தான். டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய மெஷினுக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. ஒருவர் இறந்தார். மாமாவிடம் மூன்று இதழ் விசிறி போட்ட மஞ்சள் கதிரியக்க எச்சரிக்கைச் சின்னத்தைக் காட்டினேன். “ஃபேன் கம்பெனியா?” என்றார். போனில் படம் அனுப்பி வைத்திருக்கிறேன், கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டுகிறாராம்.

பி.ஜி. மாணவி, ராயபுரம்:

108 அண்ணாவுக்கு: சேர்க்கவில்லை, இப்போது சேர்க்கிறேன். ‘மீட்டர் எங்கே, ராத்திரியில் சாவி யாரிடம்’ என்பதையும் சேர்க்கிறேன். துப்புரவுப் பணியாளர்களுக்குத் தனித் தாள் போடுவதற்கு கைடு சம்மதித்துவிட்டார், எத்திக்ஸ் கமிட்டிக்கு மறுபடியும் எழுத வேண்டும். மார்ச்சுவரியில் வேலை செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். அந்தப் பக்கம் நான் இன்னும் போகவே இல்லை.