சீட்டுப் பணமும் அம்மாவின் மன்னிப்பும்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். மன்னிப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு நினைவுக்கு வருவது, காட்பாடியில் எங்கள் தெருவில் சீட்டு பிடித்த ஒரு அக்காதான். எங்கள் சபைதான். அம்மாவோடு பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் இருந்தவர்.

அது ஏலச்சீட்டு. நடுவில் ஏலம் கேட்டு எடுத்தால் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) போகும், கடைசிச் சீட்டு என்றால் முழுத் தொகையும் கைக்கு வரும் என்று அம்மா ஏலமே கேட்காமல் கட்டிவந்தார். தங்கையின் நர்சிங் படிப்புக்கான பணம். சீட்டு முடிய இருந்த நேரத்தில் அந்த அக்கா வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். அம்மாவின் வளையல்களை அடகு வைத்துத்தான் ஃபீஸ் கட்டினோம்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "நாம விசுவாசிங்க, மன்னிச்சு விட்டுடுங்க" என்றார்கள். இந்தப் பேச்சு எனக்கு இன்றும் பிடிக்காது. பணத்தைப் பறிகொடுத்தவரிடம் மன்னிக்கச் சொல்வது சுலபம். கொண்டுபோனவரைத் தேடிப் போய்ப் பேச ஒருவரும் இல்லை. மத்தேயு 18-ல் ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லும் இயேசு, அதற்குச் சற்று முன்னால்தான் "அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து" என்கிறார். அதை ஏன் விட்டுவிடுகிறோம்?

அம்மா விடவில்லை. பின்னாளில் ஊர் திரும்பிய அந்த அக்கா ஒரு திருவிருந்து ஆராதனையில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அம்மா அவரைத் தனியே அழைத்துப் போனார். என்ன பேசினார்கள் என்பது அம்மா சொல்லித்தான் தெரியும்.

"நீ எடுத்துட்டுப் போனது என் சின்னவ படிப்புக்கு வெச்சிருந்த பணம்மா. வளையலை அடகு வெச்சுக் கட்டினேன். அது உனக்குத் தெரியணும்."

"கொஞ்சம் கொஞ்சமா குடுத்துடறேன்கா" என்று அழுதாராம்.

"குடுத்தா வாங்கிக்கறேன். குடுக்காட்டியும் உன்ன மன்னிச்சுட்டேன். ஆனா இனிமே யார்கிட்டயும் சீட்டு பிடிக்காத."

அம்மாவுக்கு இந்தத் தெளிவு அதே மத்தேயு 18-ல் வரும் கடன் உவமையிலிருந்து வந்தது. ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ராஜாவிடம் பட்ட பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட ஒரு வேலைக்காரன், தனக்கு வரவேண்டிய நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். நூறு நாள் கூலி என்பது சின்னத் தொகையா? நமக்கு நஷ்டமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. நமக்கு மன்னிக்கப்பட்டது எவ்வளவு என்று பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்.

தொழுநோய் மருத்துவமனை உள்ள கரிகிரிக்குப் பக்கத்தில் வளர்ந்ததால் தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்கிறவர்கள்மேல் எங்களுக்குத் தனி மரியாதை உண்டு. 1999-ல் ஒடிசாவின் மனோகர்பூரில், தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்த மிஷனரியான கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸும் இரண்டு மகன்களும் உயிரோடு எரிக்கப்பட்ட பிறகு, கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்கான பணியையும் தொடர்ந்தார். வழக்கு அதன் வழியில் நடந்து தண்டனையும் வந்தது. மன்னித்தால் நியாயம் கேட்கக் கூடாது என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அம்மாவின் கோபம் ஒரே நாளில் போய்விடவில்லை. அடகுக் கடைக்கு வட்டி கட்டப் போகும்போதெல்லாம் மனசு கொதிக்கும். வரும் வழியிலேயே ஜெபம்பண்ணி மறுபடியும் மன்னிப்பார். ஒரே குற்றத்துக்கே ஏழெழுபது தரம் தேவைப்படுகிறது.

அந்த அக்கா இதுவரை பாதிப் பணம் கொடுத்திருக்கிறார். அவர் சங்கத்துக்குத் திரும்ப வந்தபோது அம்மாதான் பக்கத்தில் இடம் கொடுத்தார். காணிக்கைக் கணக்கை மட்டும் வேறு யாராவது பார்க்கட்டும் என்று அந்த அக்காவின் முகத்துக்கு நேராகவே சொன்னதும் அம்மாதான். அவரும் சரி என்றார்.