தந்தையின் உதவியின்றிப் பொறியியல் கல்லூரியில் சேர வழி உண்டா?

கேள்வி: செய்யாறு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் பிளஸ் டூ தேர்வில் 600க்கு 528 மதிப்பெண் பெற்றிருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். அப்பா எட்டு ஆண்டுகளாக எங்களோடு இல்லை. திருப்பூரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார், சொந்தத் தொழிலும் நடத்துகிறார். அம்மா அவரிடம் படிப்புச் செலவு பற்றிப் பேசியபோது, படிக்க வைத்தது போதும், மாப்பிள்ளை பார் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். தையல் கூடத்தில் அம்மாவுக்குக் கிடைக்கும் கூலி வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே சரியாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிட்டேன். ஆனால், ரேஷன் அட்டையில் அப்பாவின் பெயர் இருப்பதால் வருமானச் சான்றில் அவருடைய வருமானத்தையும் சேர்க்க வேண்டும் என்று இ-சேவை மையத்தில் சொல்கிறார்கள். அவருடைய பணமும் கையெழுத்தும் இல்லாமல் நான் படிக்க முடியுமா?

மறுமொழி: திருச்சி வாசகி

தங்கையே, முடியும். என் அம்மாவும் தனியாக நின்றுதான் என்னைப் படிக்க வைத்தார். பணத்தைத் தேடுவதற்கு முன்னால் காகிதங்களைச் சரிசெய்யுங்கள். உங்கள் குடும்பம் என்பது நீங்களும் அம்மாவும்தான் என்று அரசுப் பதிவில் ஏறாத வரையில், எந்த உதவிக்கு விண்ணப்பித்தாலும் அப்பாவின் வருமானம் குறுக்கே வந்து நிற்கும். கணவரால் கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழை வட்டாட்சியர் வழங்குகிறார். அதற்கு இ-சேவை வழியாகவே விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது, எட்டு ஆண்டுகளாக உங்களை அறிந்த அக்கம்பக்கத்தார் இருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டின் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவியாகக் கொள்கிறது என்பதை எடுத்துச் சொல்லி, ரேஷன் அட்டையிலிருந்து அப்பாவின் பெயரை நீக்கவும் மனு கொடுங்கள். அதன்பின் வருமானச் சான்றையும், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவர் என்பதற்கான முதல் பட்டதாரிச் சான்றையும் வாங்குங்கள். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் பெற்ற இடத்துக்கு மட்டுமே உண்டு. ஆகவே, நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருகிறோம் என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் புதுமைப் பெண் திட்டம் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டிருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கிலேயே சேரும்; சேர்ந்த உடனே கல்லூரியில் அதற்குப் பொறுப்பான ஆசிரியரைப் பாருங்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகைக்கும் முதலாண்டிலேயே விண்ணப்பியுங்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள மாணவிகளில் தேர்வாகிறவர்களுக்கு அது ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உதவித்தொகை எதுவும் சேர்க்கை நாளன்று கைக்கு வந்துவிடாது. என் முதல் பருவத் தேர்வின்போது, ஹால் டிக்கெட் கொடுக்கும் மேசையில் இருந்த பட்டியலில் என் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். உதவித்தொகை வந்துகொண்டிருக்கிறது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அம்மா தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகுதான் அந்தச் சீட்டு என் கைக்கு வந்தது. அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது. முதல் ஆறு மாதச் செலவுக்கு இப்போதே வழி பார்த்துக்கொள்ளுங்கள். விடுதிச் செலவு மிச்சமாக, அரசின் சமூகநீதி விடுதி (முன்பு ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்று இருந்தது) அருகிலுள்ள கல்லூரியையே முதலில் தேர்ந்தெடுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

மகளே, அந்த ஆறு மாதத்துக்குத்தான் கல்விக்கடன். கடனில் பெற்றோர் ஒருவர் உடன் கையெழுத்திட வேண்டும். அது தந்தையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, உங்கள் தாயே போதும். 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்தால் அது பதிவில் நிற்கும். வாய்வார்த்தையாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. கல்விக் கட்டணம் மட்டுமல்லாமல் விடுதி, புத்தகம், மடிக்கணினி ஆகியவற்றையும் கடன் தொகையில் சேர்த்துக் கேளுங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் உண்டு. அது நாக், என்.பி.ஏ. போன்ற அமைப்புகளின் அங்கீகாரத் தரச்சான்று பெற்ற கல்லூரிகளுக்கே பொருந்தும் என்பதால், விருப்பப் பட்டியல் தயாரிக்கும்போதே அதையும் பார்த்துவிடுங்கள். நான் மேசையில் இருந்த காலத்தில் பல விண்ணப்பங்கள் நின்றுபோனதற்குக் காரணம், தாயின் பெயரில் இருந்த மகளிர் குழுக் கடனில் இரண்டு மூன்று தவணை தவறியிருந்ததுதான். அப்படி ஏதாவது பாக்கி இருந்தால் முதலில் அதைக் கட்டிவிடுங்கள்.

மறுமொழி: வழக்கறிஞர்

தந்தைக்கு வருமானம் இருக்கும்போது அவரைப் பொறுப்பிலிருந்து முழுவதுமாக விட்டுவிட வேண்டியதில்லை. நீங்கள் இந்து குடும்பம் என்றால், தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத திருமணமாகாத மகளைப் பராமரிக்கும் கடமை, 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி அவருக்கு உண்டு. மகளுக்கு 18 வயது நிறைந்த பிறகும் அந்தக் கடமை நீடிக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வழக்கறிஞரை நியமித்துத் தருவார்கள். வழக்கு முடியக் காலம் பிடிக்கும். ஆகவே கலந்தாய்வை அதற்காக நிறுத்த வேண்டாம். இரண்டும் தனித்தனியே நடக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை அம்மா அரைநாள் விடுப்பு எடுத்தார். கைவிடப்பட்ட பெண் சான்றுக்கு விண்ணப்பித்து ஒப்புகைச் சீட்டும் வாங்கிவிட்டோம். எதிர்வீட்டு ஆயாவும் மளிகைக்கடை அண்ணனும் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவின் குழுக் கடனில் ஒரு தவணை பாக்கி இருக்கிறது. சனிக்கிழமை கூலி வந்ததும் அதைக் கட்டிவிட்டு வங்கிக்குப் போகிறோம். வழக்குத் தொடுப்பதைப் பற்றி அம்மா இன்னும் எதுவும் சொல்லவில்லை.